பொருட்காட்சி அழைப்பிதழும் சுவிஸ் எழுத்தமைப்பும்

நூல் விலை ஒருநாளும் நிலையாக நிற்பதில்லை. கிடங்கிலே சென்ற பருவத்துச் சேலைகள் தேங்கிக் கிடக்கின்றன. தோட்டக்காரருக்கோ மழையும் சந்தையும் மாறி மாறிக் கைவிரிக்கின்றன. இத்தனை தொல்லைகளுக்கு நடுவே ஓர் அழைப்பிதழின் எழுத்தைப் பற்றி நமது பத்திரிகையில் இரண்டு மூன்று பக்கம் எழுதுவது தகுமா என்று அங்கத்தினர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். தகும் என்பதே என் அபிப்பிராயம். பொருட்காட்சியில் விற்கும் ஒவ்வொரு சேலையும் அடுத்த பாவுக்கு நூலாகிறது. அந்தப் பொருட்காட்சிக்கு ஆள் வருவதும் வராமற் போவதும் ஓரளவு அந்த ஒற்றைத் தாளைப் பொறுத்திருக்கிறது. அந்தத் தாளின் செலவோ அங்கத்தினரின் பங்குப் பணத்திலிருந்து போகிறது.

நம் பக்கத்துச் சங்கங்கள் வெளியிடும் அழைப்பிதழ்களில் நாலைந்தை எடுத்து மேசைமேல் பரப்பிப் பாருங்கள். உச்சியில் பிள்ளையார் சுழி. அதன் கீழே வளைவாக ஒரு வரி. அந்த வளைவுக்குள் ஒரு முத்திரை. பிறகு சங்கத்தின் நீண்ட பெயர், நிழல் விழுந்த எழுத்தில். அதன் பின் தலைமை, முன்னிலை, வரவேற்புரை, குத்துவிளக்கு ஏற்றுபவர், முதல் விற்பனையைத் தொடங்கி வைப்பவர், பெற்றுக் கொள்பவர், வாழ்த்துரை வழங்குவோர், நன்றியுரை என்று பெயர்கள், பட்டங்களோடும் பதவிகளோடும் மழைக்காலத்து ஈசல்போல் மொய்த்திருக்கும். ஒரு பெயர் சிவப்பு, அடுத்தது நீலம், அதற்கடுத்தது பச்சை. நான்கு மூலைகளிலும் பூங்கொத்து. பின்புலத்தில் வெளிறிய தறிப் படம். அதன் மேலேயே எழுத்து. பொருட்காட்சி எங்கே, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, காலை எத்தனை மணிக்குக் கடை திறக்கும் என்னும் செய்திகள் இந்தக் காட்டுக்குள் எங்கோ ஒரு மூலையில் ஒளிந்திருக்கும். சேலையை நெய்தவர் யார், பழத்தை விளைவித்தவர் யார் என்பது பெரும்பாலும் இராது.

இப்படி அச்சிடுவோரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அச்சகத்தார் கேட்டதைச் செய்து கொடுக்கிறார்கள். கணினி வந்தபின் நூறு எழுத்துருக்களும் கோடி நிறங்களும் கைக்கு எட்டிவிட்டன. எட்டியதையெல்லாம் எடுத்து வைப்பது மனித இயல்பு. ஈய எழுத்தைக் கையால் கோத்த காலத்தில் சிறிய அச்சகத்தில் இரண்டு மூன்று அளவு எழுத்துகளே பெட்டியில் இருக்கும். ஆகவே அந்நாளைய நோட்டீசுகள் வேறு வழியின்றியே ஒரு அடக்கத்தோடு அமைந்தன. இன்று அந்த அடக்கத்தை நாமே விரும்பி ஏற்க வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு முறை வேண்டும்.

அத்தகைய முறை ஒன்றைச் சென்ற நூற்றாண்டில் வகுத்தவர்கள் சுவிட்சர்லாந்து தேசத்தவர். எங்கோ பனிமலை நாட்டுக்காரர் செய்தது திண்டுக்கல் சமவெளிக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த முறை வளர்ந்த இரு நகரங்களில் ஒன்றான பாசல், நம்மைப்போல் ஒரு நெசவூர். பிரான்சிலிருந்து மதக் கொடுமைக்கு அஞ்சி வந்த அகதிகள் அங்கே பட்டு நாடா நெய்யத் தொடங்கினர். 19ஆம் நூற்றாண்டில் பட்டு நாடாதான் அந்நகரத்தின் தலையாய தொழில். நாடாவுக்குச் சாயம் வேண்டுமன்றோ? அந்தச் சாயத் தேவையிலிருந்தே பாசல் நகரத்து இரசாயனத் தொழிற்சாலைகள் தழைத்தன. அவற்றுள் ஒன்று 1758-இல் தோன்றிய கெய்கி. நம் விவசாயிகளில் மூத்தவர்களுக்கு இந்தப் பெயரை நினைவூட்ட வேண்டியதில்லை. டி.டி.டி. மருந்தின் பூச்சிகொல்லும் தன்மையை 1939-இல் கண்டறிந்த பால் முல்லர் அந்த நிறுவனத்தின் ஆராய்ச்சியாளரே. அதற்காக 1948-இல் நோபல் பரிசும் பெற்றார்.

அதே கெய்கி நிறுவனம் 1950-களிலும் 60-களிலும் தன் மருந்துகளுக்கும் சாயங்களுக்கும் வெளியிட்ட விளம்பரத் தாள்கள் இன்றும் வடிவமைப்புப் பள்ளிகளில் பாடமாக வைக்கப்படுகின்றன. பெரிய வெற்றிடம், ஒரே வகை எழுத்து, ஒன்றிரண்டு நிறம், அவ்வளவே. (அந்த டி.டி.டி.யை விவசாயத்தில் பயன்படுத்துவதை நம் அரசு 1989-இல் தடை செய்தது என்பதையும் கூடவே நினைவில் வைக்கலாம். அழகான சீட்டு சரக்கின் குணத்துக்குச் சான்றாகிவிடாது. நம் சரக்கு நல்லது, சீட்டுதான் மோசம். இந்தத் தலைகீழ் நிலையே என் கவலை.)

கூட்டுறவாளர்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டிய இன்னொரு செய்தி. பாசல் நகரத்தில் பிறந்த ஹான்னஸ் மேயர் என்னும் கட்டடக் கலைஞர், அந்நாட்டு நுகர்வோர் கூட்டுறவுச் சங்கங்களின் ஒன்றியத்துக்காக 1919 முதல் 1921 வரை பாசலுக்கு அருகில் 150 வீடுகள் கொண்ட ஃபிரைடோர்ஃப் என்னும் கூட்டுறவுக் குடியிருப்பைக் கட்டினார். 1924-இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் கூட்டுறவுகளின் சர்வதேசப் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றபோது, சங்கத்துச் சரக்குகளைக் கண்ணாடிப் பேழையில் அடுக்கி வைத்தவரும் அவரே. பொட்டலங்கள், டப்பாக்கள், புட்டிகள் ஆகியவை வரிசை வரிசையாக, ஒன்றன்மேல் ஒன்றாக, படைவீரர் அணிவகுத்ததுபோல் நின்றன. தோரணமில்லை, ஜிகினா இல்லை. எண்ணிக்கையும் ஒழுங்குமே அலங்காரம். இதே மேயர் பின்னர் ஜெர்மனியின் புகழ்பெற்ற பௌஹௌஸ் பள்ளிக்கு 1928 முதல் 1930 வரை தலைவராக இருந்தார். புதுமை வடிவமைப்பு என்பது பணக்காரர் மாளிகையில் பிறந்தது என்று நினைப்பவர்கள், அதன் தொட்டில்களில் ஒன்று கூட்டுறவுக் கடையின் கண்ணாடிப் பேழை என்பதை அறிய வேண்டும்.

பின்னாளில் சுவிஸ் எழுத்தமைப்பு என்று உலகம் பெயரிட்டது 1940-களிலும் 50-களிலும் உருத்திரண்டது. பாசல் தொழிற்பள்ளியில் எமில் ரூடர், ஆர்மின் ஹாஃப்மன் ஆகியோர் கற்பித்தனர். சூரிச் நகரில் யோசெப் முல்லர்-புரோக்மன் 1950-களின் தொடக்கத்திலிருந்து டோன்ஹாலே என்னும் இசை மண்டபத்துக்குச் சுவரொட்டிகள் அமைத்தார். அவையும் ஒருவகை அழைப்பிதழ்களே. என்ன கச்சேரி, யார் வாசிக்கிறார்கள், எந்த நாள், எத்தனை மணி, சீட்டு எங்கே கிடைக்கும் என்பவை ஒரே வகை எழுத்தில், இடப்பக்கம் நேராகவும் வலப்பக்கம் விட்டுக்கொடுத்தும், நின்றன. 1957-இல் பாசலுக்குப் பக்கத்து ஊரில் இருந்த ஹாஸ் எழுத்து வார்ப்பகம் வெளியிட்ட எழுத்து, 1960-இல் ஹெல்வெட்டிக்கா என்று பெயர் மாறி உலகெங்கும் பரவிற்று. அதே 1957-இல் ஆட்ரியன் ஃப்ரூட்டிகர் வரைந்த யூனிவர்ஸ் எழுத்து, மெலிவிலிருந்து தடிப்பு வரை 21 வகைகளோடு வந்தது. ஒரே குடும்பத்து எழுத்தைக் கொண்டே தலைப்பும் உரையும் குறிப்பும் அமைக்கலாம் என்பது அதனால் சாத்தியமாயிற்று.

இந்த முறை இந்தியாவுக்கு வந்தது நம் தலைமுறையில் மூத்தவர்கள் காலத்திலேயே. சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதிகள் 1958-இல் மத்திய அரசுக்கு அளித்த அறிக்கையைத் தொடர்ந்து 1961-இல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. அந்த அறிக்கை போற்றிய பொருள் நம் வீட்டுச் செம்பு என்பது நமக்குப் பெருமை. ஹாஃப்மன் 1965-இல் அந்த நிறுவனத்துக்கு வந்து பாடம் நடத்தினார். ஃப்ரூட்டிகரும் அங்கே வந்து தேவநாகரி எழுத்தைப் பற்றி வேலை செய்தார். தமிழுக்கு அத்தகைய விருந்தாளி யாரும் வரவில்லை. நம்மவர்களே அந்த வேலையைச் செய்தனர். தமிழ்ச் சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் புதிய பாணியில் தலைப்பெழுத்து வரைந்த ஓவியர் ஆதிமூலம், நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றியவர். சேலைக்குக் கரை வரைந்த கையே நவீனத் தமிழ் எழுத்துக்கும் வடிவம் கொடுத்தது. 1974-இல் தொடங்கிய க்ரியா பதிப்பகம், ஒரு தமிழ்ப் பக்கத்தில் எத்தனை வெற்றிடம் விடலாம் என்பதை நம் வாசகர்களுக்குப் பழக்கிற்று. ஆகவே முன்மாதிரி இல்லையென்று நாம் சொல்ல முடியாது. அந்த முன்மாதிரி புத்தக அலமாரியோடு நின்றுவிட்டது. சங்கத்து அலுவலகத்துக்கு வரவில்லை.

இந்த முறையின் முதுகெலும்பு ஒரு கட்டச் சட்டகம். தாளை முதலில் கண்ணுக்குத் தெரியாத கோடுகளால் பத்திகளாகவும் கட்டங்களாகவும் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு செய்தியையும் அந்தக் கோட்டில் பிடித்து நிறுத்துவது. இதை நெசவாளர்க்கு விளக்குவது, மீனுக்கு நீந்தக் கற்பிப்பது போலாகும். ஜக்கார்டுத் தறிக்குப் புட்டா போடுகிறவர் முதலில் கிராப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பியே அட்டை துளைக்கிறார். பாவு இத்தனை இழை, கரை இத்தனை, முந்தி இத்தனை என்று எண்ணாமல் எவரும் தறியில் உட்காருவதில்லை. தம் சேலையில் ஓர் இழை பிசகினால் பொறுக்காத மனிதர், தம் சங்கத்து அழைப்பிதழில் பதினெட்டு வரிகள் பதினெட்டு இடத்தில் தொடங்குவதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருக்கிறாரோ எனக்கு விளங்கவில்லை.

வெற்றிடத்தைப் பற்றித்தான் சண்டை வரும். “காசு கொடுத்துத் தாள் வாங்கிவிட்டுப் பாதியைச் சும்மா விடுவதா?” என்று நிர்வாகக் குழுவில் ஒருவராவது கேட்பார். அவர் தோப்புக்காரராக இருந்தால் பதில் எளிது. தென்னைக்கு 25 அடிக்கு 25 அடி இடம் விட்டு, ஏக்கருக்கு ஏறக்குறைய 70 கன்று வைக்கிறோம். நடுவில் கிடக்கும் மண் வீண் என்று நூற்றைம்பது கன்றுகளை நெருக்கி வைத்தால் காய் கிடைக்குமா? நிழலோடு நிழல் போட்டியிட்டு மரம் உயரும்; அவ்வளவுதான். அவர் சின்னாளபட்டிச் சாயக்காரராக இருந்தால் இன்னும் எளிது. சுங்குடிச் சேலையில் புள்ளி எப்படி உண்டாகிறது? துணியை முடிந்து சாயத்தில் முக்கும்போது முடிச்சுக்குள் சாயம் ஏறாமல் விட்டுப்போகிற இடமே புள்ளி. தொடாமல் விட்டதுதான் அங்கே வேலைப்பாடு. முடிச்சுப் போடுவது இன்று அரிதாகி, மெழுகு அச்சும் திரை அச்சும் பெருகிவிட்டன. அப்படி அச்சிடுகிறவர்களும் புள்ளிக்குப் புள்ளி இடைவெளி விடத்தான் செய்கிறார்கள்.

இவ்வளவும் சொன்னதால் சுவிஸ்காரர் செய்ததை அப்படியே பெயர்த்து நட வேண்டும் என்று யாரும் பொருள்கொள்ள வேண்டாம். அவர்கள் வகுத்தது உரோமன் எழுத்துக்கு. நம் எழுத்தின் உடல் வேறு.

சில இடங்களில் நமக்கு அதிர்ஷ்டம். ஜெர்மன் மொழியில் பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். அந்தப் பெரிய எழுத்துகள் வரியின் அமைதியைக் கெடுக்கின்றன என்று 1925-இலேயே பௌஹௌஸ் பள்ளியில் அவற்றை விலக்கிப் பார்த்தனர்; பெரிய விவாதம் நடந்தது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது. அவர்கள் போராடிப் பெற விரும்பிய சமத்துவம் நமக்குப் பிறவியிலேயே உண்டு. அதுபோலவே வலப்பக்கத்தை ஒழுங்கற்று விடுவதும் தமிழுக்கே அதிகம் பொருந்தும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. “கைத்தறி நெசவாளர் கூட்டுறவு உற்பத்தி மற்றும் விற்பனைச் சங்கம்” என்பதை ஒடுக்கமான பத்தியில் இரு பக்கமும் நேராக நிறுத்த முயன்றால், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே எருமை நுழையும் அளவுக்கு ஓட்டை விழும். இடப்பக்கம் நேராக நிறுத்தி, வலப்பக்கத்தில் சொல் முடிந்த இடத்தில் வரியையும் முடித்துவிட்டால், அந்த ஓட்டை ஒன்றுகூட இராது.

வேறு சில இடங்களில் கவனம் வேண்டும். “திண்டுக்கல்” என்னும் நம் ஊர்ப் பெயரையே எழுதிப் பாருங்கள். முதலெழுத்தின் கொக்கி மேலே வளைகிறது. இரண்டாவதன் தலையில் புள்ளி. மூன்றாவது கீழே இறங்குகிறது. பின்னும் இரண்டு புள்ளிகள். மேலும் கீழும் இப்படி இடம் கேட்கும் எழுத்துக்கு, உரோமன் எழுத்துக்கு விடும் வரி இடைவெளி போதாது. போதாத இடத்தில் மேல் வரியின் கால் கீழ் வரியின் புள்ளியை மிதிக்கிறது. இந்தப் பிழையை நம் அழைப்பிதழ்களில் அடிக்கடி காணலாம். இன்னொன்று, தடித்த எழுத்தின் மோகம். ண, ஞ, ழ போன்ற சுழியுள்ள எழுத்துகளைச் சிறிய அளவில் தடிப்பாக அச்சிட்டால் சுழி அடைத்துக்கொண்டு மைத்துளியாகிவிடுகிறது. முக்கியமானது என்று தடிப்பாக்கினோம். அதுவே படிக்க முடியாததாயிற்று! தமிழில் முக்கியத்துவத்தைக் காட்டுவதற்குத் தடிப்பைவிட அளவும், அளவைவிடச் சுற்றிலும் விட்ட இடமும் நன்றாக வேலை செய்யும்.

எழுத்தை இழுப்பதும் நசுக்குவதும் அறவே கூடாது. பெயர் நீளமாயிருக்கிறதே என்று பக்கவாட்டில் அமுக்கிச் சேர்ப்பது, பன்னையில் இடமில்லை என்று இழையை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகுவதற்கு ஒப்பு.

நிறத்தைப் பற்றி ஒரு நியாயமான தடை எழும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, அதுவும் பெரிய வெற்றிடத்தோடு என்றால், நம் ஊரில் அது இரங்கல் அட்டையின் உருவம். மங்கலச் செய்திக்கு அந்த உருவத்தைக் கொடுத்தால் வாங்குகிறவர் கை கூசும். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுகிறவர்கள், வாசகரின் கண் எதைக் கண்டு பழகியிருக்கிறதோ அதை வைத்தே எழுத்து படிக்கப்படுகிறது என்னும் முதற்பாடத்தை மறந்தவர்கள். ஆனால் இதற்காக ஏழு நிறத்துக்குப் போக வேண்டியதில்லை. மஞ்சள் தாள், அதன்மேல் குங்குமச் சிவப்பு. அல்லது வெள்ளைத் தாள், அரக்கு நிறத்தில் எழுத்து. ஒரு நிறம் போதும். பிள்ளையார் சுழியும் இருக்கட்டும். அது இடத்தை அடைப்பதில்லை, மனத்துக்கும் நிறைவு.

சுவிஸ்காரரின் முறைக்கே இன்று ஏறக்குறைய எண்பது வயது ஆகிறது. அந்த முறை இறுகி, எல்லாத் தாள்களும் ஒரே முகமாக வருகின்றன என்ற குறை அந்நாட்டிலேயே எழுந்தது. அதே பாசல் பள்ளியில் 1968 முதல் கற்பித்த வொல்ஃப்காங் வைங்கார்ட், சட்டகத்தை வேண்டுமென்றே உடைத்தும் எழுத்தை அகட்டியும் மாணவர்களைச் சோதனை செய்யவிட்டார். சட்டகம் வேலைக்காரன், எசமான் அன்று என்பது அவர் கையால் தெளிவாயிற்று. நாமும் அந்த உரிமையை எடுத்துக்கொள்ளலாம். சேலையின் கரைக்கோலம் ஒன்றைத் தாளின் ஓரம் முழுக்க ஓடவிட்டால் என்ன? சிறுமலை வாழைச் சீப்பு ஒன்றைப் பாதித் தாள் அளவுக்குப் பெரிதாக வைத்தால் என்ன? ஒரே ஒரு பொருள், பெரிதாக. மூலைக்கு மூலை பூங்கொத்து வைப்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை.

இனிக் கசப்பான பகுதிக்கு வருகிறேன்: பெயர்கள். அழைப்பிதழ் நெரிசலுக்கு எழுத்துரு காரணமன்று, பெயர்ப் பட்டியலே காரணம். ஒரு பெயரை விட்டால் மனத்தாங்கல். ஒருவர் பெயர் மற்றவர் பெயரைவிடச் சிறிதானால் வழக்கு. இதை அறியாமல் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். சங்கத்துக்கு மானியமும் கடனும் ஒத்துழைப்பும் வேண்டியிருக்கிறது. பெரியவர்களைப் பகைத்துக்கொள்ள முடியாது. ஆயினும், அழைப்பிதழ் யாருக்கு? மேடையில் அமர்கிறவர்கள் எப்படியும் வருவார்கள். அவர்களுக்குத் தனியே கடிதம் போகிறது, நேரிலும் சென்று அழைக்கிறோம். தாளைப் பார்த்து வரவேண்டியவர் வாங்குகிறவர். மதுரைக்கோ திருச்சிக்கோ பேருந்தில் போகிற வழியில் இறங்கலாமா என்று யோசிக்கிற குடும்பம் அது. அவர்களுக்கு வேண்டியது இடம், நாள், நேரம், என்ன கிடைக்கும், தள்ளுபடி உண்டா என்பவையே.

பெயர் அச்சிட வேண்டுமானால் நெய்தவர் பெயரை அச்சிடுவோம். இது என் கற்பனையன்று. 1935-இல் தோன்றி, பட்டாம்பூச்சிச் சின்னத்தோடு நாம் எல்லோரும் அறிந்த கோ-ஆப்டெக்ஸ், பட்டுச் சேலையோடு நெய்தவரின் பெயரும் படமும் கொண்ட அட்டையை இணைத்து வழங்கிற்று. வாங்கிய பெண்கள் அந்த அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டிருக்கிறோம். விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்கும் கடைக்காரரால் அச்சிட முடியாதது அந்தப் பெயர் ஒன்றுதான். 1985-ஆம் ஆண்டுச் சட்டம் 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. 2006-இல் கைத்தறி முத்திரை வந்தது. சட்டமும் முத்திரையும் இருந்தும் போலி நின்றபாடில்லை. விளைபொருளுக்கும் இதுவே நிலை. சிறுமலை வாழைக்கு 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது; சந்தையில் எந்தப் பழத்துக்கும் அந்தப் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். எந்த ஊர், எந்தச் சங்கம், யாருடைய தறி அல்லது தோட்டம் என்பதைத் தெளிவான எழுத்தில் சொல்லும் தாள், நம் கையில் உள்ள மலிவான ஆயுதம்.

அச்சகத்துக்குப் போகும் காரியதரிசிகளுக்குச் சில விவரங்கள். தமிழில் நல்ல எழுத்துருக்கள் இப்போது விலையின்றியே கிடைக்கின்றன. பிரியா இரவிச்சந்திரன் வரைந்த கட்டமரான் (நம் கட்டுமரம்தான் ஆங்கிலம் போய்த் திரும்பி வந்திருக்கிறது) மெலிவு முதல் தடிப்பு வரை ஒன்பது வகைகளில் உண்டு. முக்த மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவையும் உண்டு. ஆப்பிள் கணினிகளில் உள்ள இணைமதி, மலேசியாவின் முத்து நெடுமாறன் ஆக்கியது. எதை எடுத்தாலும் ஒன்றை மட்டும் எடுங்கள். அளவு மூன்றுக்கு மேல் வேண்டாம். பல அச்சகங்களில் இன்னும் பாமினி போன்ற பழைய குறியீட்டு எழுத்துகளில் தட்டச்சு செய்கிறார்கள். யூனிகோடில் செய்து தரும்படி வற்புறுத்த வேண்டும். தமிழ்நாட்டு அரசும் 2010-இல் அதை ஏற்றுக்கொண்டது. யூனிகோடில் இருந்தால், தாளுக்குத் தட்டச்சு செய்த அதே வாசகத்தை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்பலாம். வாங்குகிறவர் அந்தத் தொலைபேசி எண்ணைத் தொட்டுப் பேசலாம்; முகவரியைத் தொட்டு வழி பார்க்கலாம். படமாக அனுப்பினால் இவற்றில் ஒன்றும் நடவாது.

பழக்கமான உருவத்தை மாற்றினால் அங்கத்தினர் ஏற்பார்களா என்று தயங்குகிறவர்கள் 1978-ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கலாம். ணை, லை, ளை, னை ஆகியவற்றைத் துதிக்கை போட்டு எழுதிய கைகள், அரசு பெரியாரின் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டபின் மாறின. பெரியார் தம் பத்திரிகையில் 1935-லேயே தொடங்கிய மாற்றம் அது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாதம் நடந்தது. இன்று பள்ளிப் பிள்ளைக்குத் துதிக்கை எழுத்தைக் காட்டினால் இதென்ன என்று கேட்கிறது.

தேசியக் கைத்தறி நாளான ஆகஸ்ட் 7-ஐ நான் குறி வைக்கிறேன். 1905-இல் அதே நாளில் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் அறிவிக்கப்பட்டதை நினைந்து 2015 முதல் அந்நாள் கொண்டாடப்படுகிறது. முதல் விழா சென்னையில்தான் நடந்தது. அந்த நாளையொட்டி நம் வட்டாரத்துச் சங்கங்கள் பொருட்காட்சி வைக்குமானால், ஒரு சங்கமாவது இப்படி ஒரு தாளை அச்சிட்டுப் பார்க்கட்டும். மேலே இடப்பக்கத்தில் பெரிதாக இரண்டே சொற்கள்: கைத்தறியும் கனியும் என்றோ, வேறு பொருத்தமான பெயரோ. அதன் கீழே நல்ல இடைவெளி விட்டு நாளும் நேரமும். அடுத்து இடம், எந்தப் பேருந்து நிறுத்தத்துக்கு அருகில் என்பதையும் சேர்த்து. கீழ்ப்பாதியில் ஒரே ஒரு சேலைக் கரை. அடியில் சிறிய எழுத்தில், ஆனால் கண்ணாடியில்லாமல் படிக்கத்தக்க அளவில், பங்கு கொள்ளும் நெசவாளர் பெயர்களும் தோட்டக்காரர் பெயர்களும், அவரவர் ஊரோடு, அவரவர் இசைவு பெற்று. சங்கத்தின் முழுப்பெயரும் பதிவெண்ணும் கடைசி வரியில். தலைமை தாங்குவோர், வாழ்த்துவோர் பெயர்களை நிகழ்ச்சி நிரலாகத் தனித்தாளில் அச்சிட்டு வாயிலில் வருவோர் கையில் கொடுக்கலாம். அந்தத் தாளில் எத்தனை பெயர் வேண்டுமானாலும் போடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

அச்சுக்குக் கொடுக்குமுன், மெய்ப்புத் தாளை ஒரு மூத்த நெசவாளரிடம் எட்டிய கையளவில் பிடித்துக் காட்டி, எங்கே, எப்போது, என்ன என்று மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். அவர் ஐந்து விநாடியில் சொன்னால் அச்சிடலாம். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரானால், காரியதரிசி மறுபடியும் அச்சகத்துக்கு நடந்து, இன்னும் நான்கு வரிகளை எடுத்துவிட்டு வரட்டும்.